பெயர் மாறிய தெருவில் அபுபக்கர் பாய்

வெள்ளிக்கிழமை மதியம் அபுபக்கர் பாயின் மகன் போன் பண்ணினான். "அங்கிள், வாப்பா போயிட்டாங்க." பெட்ரோல் போடும் கேஸ் ஸ்டேஷனில், வேலை பார்த்த கல்லாவில் உட்கார்ந்தபடியே பாய் சாய்ந்துவிட்டார். எனக்கு எழுத்து வராது. நான் சொல்ல, மருமகள் எழுதுகிறாள்.

டல்லாஸ் பக்கம் நம்மில் பாதிப்பேர் அவர் முன்பு வைத்திருந்த மளிகைக் கடைப் புழுங்கலரிசி தின்றவர்கள். கடையை ஒட்டி, புல் முளைத்த ஒரு வெறும் மனை. முன்பு அங்கே ஒரு கொட்டகை இருந்தது. பருத்தி மூட்டை தூக்கிய கறுப்பு மக்கள் அதில் கிதார் வாசித்ததில், ப்ளூஸ் என்கிற அவர்கள் பாட்டில் ஒரு தனி வகையே பிறந்தது. அங்கே வாசித்த லெஸ்டர் கிழவர் தினமும் பாயிடம் டீ குடிக்க வருவார்.

இரட்டைக் கோபுரம் விழுந்த மறு வருஷம், அந்தப் பாட்டின் பேரைத் தெருவுக்கு வைக்கச் சொல்லி லெஸ்டரின் ஆட்கள் நகரசபையில் கேட்டார்கள். தெருக் கடைக்காரர்கள் சம்மதம் வேண்டுமாம். தமிழர்கள் நாங்கள் பாய் கடையில் கூடினோம்.

"பாய், உங்க கிரீன் கார்டு இன்னும் வரல. அட்ரஸ் மாறினா பேப்பருக்குப் பேப்பர் இடிக்கும். இப்ப இருக்கிற நெலமையில உங்க பேருக்கு அது போதும், தூக்கி உள்ள வைக்க," என்றார் மோட்டல் செல்வராஜ். "வாயத் தொறக்காம இருங்க."

"தொறக்காம இருந்தா என் பேரு செல்வராஜ்னு ஆயிடுமா?" என்றார் பாய். நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

நகரசபையில் எழுந்து நின்றார். அவர்கள் பாட்டுப் பிறந்த இடத்தில் நான் பிழைக்கிறேன், அதன் பேரை வையுங்கள் என்று தன் இங்கிலீஷில் சொன்னார். வைத்தார்கள்.

கிரீன் கார்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அடி வேறு பக்கமிருந்து வந்தது. தெருவைப் பார்க்க வெளியூர்க் கூட்டம் வர ஆரம்பித்ததும், கட்டடத்துச் சொந்தக்காரன் பாயைக் காலி பண்ணச் சொல்லி, இடத்தை ஒரு காபிக் கடைக்குக் கொடுத்துவிட்டான். லெஸ்டர் குடியிருந்த வீட்டையும் இடித்தார்கள். அவர் தங்கச்சி வீட்டுக்குப் போய் அங்கேயே செத்தார். பாய் அடுத்தவன் கேஸ் ஸ்டேஷனில் வேலைக்கு நின்றார்.

"பேர் வச்சீங்கல்ல பாய், அனுபவிங்க," என்று முகத்துக்கு நேரே சொன்னவர்கள் உண்டு. மனசு பொறுக்காமல் ஒரு நாள் நானே கேட்டேன்.

"கடை போனதுல வருத்தம்தான் அண்ணாச்சி. தூக்கமே இல்ல. பேசினதுல வருத்தம் இல்ல. ரெண்டையும் சேர்த்து முடிச்சுப் போடாதீங்க."

ஜனாஸாவில் மண் போட்டுவிட்டுத் திரும்பும்போது, "அந்தத் தெருப் பேருதான் மனுஷனைக் கொன்னுச்சு" என்று யாரோ முணுமுணுத்தார்கள். அவரை அறிந்தவர்களுக்குச் சொல்கிறேன்: இடத்தைப் பறித்தவன் ஒருத்தன், பேர் கேட்டவர்கள் வேறு ஆட்கள். அந்த முடிச்சை நான் போடமாட்டேன். பாயிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான்.