பதினான்கு, 4-2: ராஜாஜிநகருக்கு வரும் வழி

செய்தி வந்தது வியாழக்கிழமை பிற்பகல் மூன்று மணி ஐம்பது நிமிடத்துக்கு. எங்கள் டிராயிங் ஆபீஸில் போன் இருக்கும் மேஜைக்கு நேர் மேலே கடிகாரம் மாட்டியிருக்கிறது, அதனால் நேரம் சரியாகத் தெரியும். ராஜாஜிநகர் சைட் ஆபீஸிலிருந்து குமாஸ்தா பேசினார். "உங்க பேருக்கு ஒரு தந்தி சார். யாரோ கொண்டாந்து குடுத்துட்டுப் போறாரு. படிக்கட்டுமா?" என்றார். சரோஜாவுக்கு ஆபத்து, உடனே புறப்படவும். அவ்வளவுதான் அதில் இருந்தது.

சரோஜா என் மனைவி. முதல் பிரசவத்துக்காக ஆம்பூரில் தாய் வீட்டுக்குப் போயிருந்தாள். மாலை வண்டியைப் பிடித்து நான் போய்ச் சேர்ந்தபோது அவளும் இல்லை, குழந்தையும் இல்லை. ஆறு நாற்பது வரை இருந்தாளாம். தந்தி காலை ஒன்பதேகாலுக்கே ராஜாஜிநகருக்கு வந்துவிட்டது. அப்போதே என் கையில் கிடைத்திருந்தால் பதினொன்றேகால் வண்டி, நாலு மணிக்கு ஆம்பூர். இந்தக் கணக்கைத் தினமும் போட்டுப் பார்க்கிறேன். விடை மாறவில்லை.

நம் கையெழுத்துப் பத்திரிகைக்கு ராஜாஜிநகரைப் பற்றி எழுதித் தருவதாக முன்பே ஒப்புக்கொண்டிருந்தேன். சிவாஜிநகரிலும் ஸ்ரீராம்புரத்திலும் உள்ள நம் வாசகர்கள் பலர் அங்கே சைட்டுக்கு, அதாவது வீட்டு மனைக்கு, மனுப் போட்டிருக்கிறார்கள். "நீ வரைந்த ஊர்தானே, போய்ப் பார்க்க வழி எழுது" என்று கேட்டார்கள். உண்மைதான். நான் டிராப்ட்ஸ்மேன். அந்த லேஅவுட்டின் நகல்களில் பாதி என் கையால் வரைந்தவை. நான் எழுத நினைத்த கட்டுரை வேறு. போன ஞாயிற்றுக்கிழமை, 1960 நவம்பர் 27 அன்று, நான் போன வழியை அப்படியே எழுதுகிறேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து நான் பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது மைத்துனி கமலா கேட்டாள்: "மாமா, அக்கா புது வீட்டுக்கு ரெண்டு லெட்டர் போட்டாளே, வந்துச்சா?"

வரவில்லை. சரோஜா ஊருக்குப் போன பிறகுதான் எனக்கு ராஜாஜிநகரில் வீடு கிடைத்தது. குடிபோன அன்றே ஆபீஸில் உட்கார்ந்து அவளுக்கு ஒரு கடிதம் எழுதினேன். பதில் இல்லை. என்ன அலட்சியம் என்று எனக்குக் கோபம். அவளாக எழுதட்டும் என்று பதினெட்டு நாள் நானும் எழுதாமல் இருந்துவிட்டேன்.

"என்ன அட்ரஸ் போட்டா?" என்று கேட்டேன்.

"பதினாலு, நாலாவது கிராஸ், ரெண்டாவது பிளாக். அப்பாவும் தந்தியில அதத்தான போட்டாரு?"

என் வீடு பதினான்கு, இரண்டாவது கிராஸ், நாலாவது பிளாக். அப்படியென்றால் அந்த இரண்டு கடிதங்களும் இன்னொரு பதினாலாம் நம்பரில் இருக்க வேண்டும். யாரும் கிழித்துப் போடாமல் இருந்தால். அவற்றை வாங்கிவரத்தான் இந்தப் பயணம்.

ஆம்பூரிலிருந்து பெங்களூர் சிட்டிக்கு மூன்றாம் வகுப்பு இரண்டு ரூபாய் எண்பது நயா பைசா. வண்டி காலை பத்து இருபத்தைந்துக்கு வந்து சேர்ந்தது. கண்டோன்மென்ட்டில் இறங்கிவிடாதீர்கள், ராஜாஜிநகருக்கு சிட்டி ஸ்டேஷன்தான் கிட்டம். வெளியே வந்ததும் ஜட்காக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். ஒரு பெரியவர் என் பெட்டியில் கையை வைத்தார்.

"ராஜாஜிநகரா சாமி? ஒன்ற ரூபா குடு. முழுக்க மேடு, குதிரைக்கு மூச்சு வாங்கும்."

"ஒரு ரூபா."

"ஒரு ரூபாய்க்கு நீ வண்டிய இழு, குதிர உள்ள உக்காரட்டும்."

மற்றவர்கள் சிரித்தார்கள். வேறொரு நாளாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன். பெட்டியை வாங்கிக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தேன், ஐந்து நிமிடம். ராஜாஜிநகர் பஸ்ஸில் போர்டு கன்னடத்தில்தான் இருக்கும். படிக்கத் தெரியாவிட்டால் கேட்டு ஏறுங்கள். டிக்கெட் பன்னிரண்டு நயா பைசா. கண்டக்டர்கள் இன்னமும் ரெண்டணா என்றுதான் கேட்கிறார்கள்.

ஜட்காக்காரர் சொன்ன மேடு பொய்யில்லை. ஓகளிபுரத்தில் ரயில் பாதையைத் தாண்டியதும் ரோடு ஏற ஆரம்பிக்கிறது. வலப்பக்கம் ஸ்ரீராம்புரம், ஓட்டு வீடுகளும் சந்துகளும் குழாயடிக் கூட்டமும். கல்யாணமாகி முதல் ஒன்றரை வருடம் அங்கேதான் ஒரே அறையில் குடியிருந்தோம். பஸ் அங்கே நின்றபோது நான் இடப்பக்கம் பார்த்துக்கொண்டேன்.

அதற்கு மேலே திடீரென்று வானம் பெரிதாகிவிடும். நாடு விடுதலை பெற்ற சமயத்தில் இதெல்லாம் ராகி வயலும் பாறையுமாக இருந்ததாம். இப்போது நாற்பதடி, அறுபதடி ரோடுகள் செம்மண்ணில் கோடு போட்டதுபோல் ஓடுகின்றன. கோடு போட்டவன் நான், அதனால் சொல்லலாம். நீளவாட்டில் போகும் ரோடு மெயின். அதை வெட்டும் ரோடு கிராஸ். பல மெயினும் கிராஸும் சேர்ந்தது ஒரு பிளாக். ஒவ்வொரு பிளாக்கிலும் கிராஸ் நம்பர் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும். ஆக, ராஜாஜிநகரில் நாலாவது கிராஸ் என்று ஒரு ரோடு இல்லை, பிளாக்குக்கு ஒன்று உண்டு. பெயர்ப்பலகை எங்கும் இன்னும் நடவில்லை. மழைத் தண்ணீர் மேற்கே பழைய ஏரிப் பள்ளத்தைப் பார்த்து இறங்குகிறது, சைட் வாங்குபவர்கள் அந்தப் பக்கம் வேண்டாம்.

பத்து ஐம்பத்தைந்துக்கு இரண்டாவது பிளாக்கில் இறங்கினேன். வரிசையில் மூன்று வீடு முடிந்திருந்தால் நாலு மனை காலி, இரண்டு மனையில் அஸ்திவாரம் மட்டும். ரோட்டோரம் முள்வேலிக்குள் இடுப்பளவு மரக்கன்றுகள். எங்கோ ஒரு வீட்டில் கன்னடத்தில் சண்டை, அடுத்த வீட்டில் தெலுங்கில் தாலாட்டு. ஆலைகளிலும் ஒர்க் ஷாப்புகளிலும் வேலை செய்பவர்கள்தான் அதிகம். ஞாயிற்றுக்கிழமையாதலால் ஆண்கள் வாசலில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தித் துடைத்துக்கொண்டிருந்தார்கள். யாரும் யாருக்கும் பழைய பழக்கமில்லை, எல்லோரும் புதிதாக வந்தவர்கள். அதனாலோ என்னவோ பெட்டியோடு போன என்னை ஆளுக்கு ஆள் நிறுத்தி, எந்த வீடு என்று கேட்டார்கள்.

பதினாலாம் நம்பர் வாசலில் ஒரு பெண் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார்.

"பதினாலு இதுதானே?" என்றேன்.

"எந்தப் பதினாலு வேணும் ஒங்களுக்கு? இந்த ஊர்ல எங்க பாத்தாலும் பதினாலுதான்."

என் பெயரைச் சொன்னேன். அவர் மடியிலிருந்த காய் கீழே சிதற எழுந்தார். "என்னாங்க! சீக்கிரம் வாங்க, தந்திக்காரரு வந்திருக்காரு!"

பாதி முகத்தில் சோப்பு நுரையோடு ஒருவர் ஓடிவந்தார். பெயர் அந்தோணி, சிட்டி பஸ் கண்டக்டர். மனைவி பிலோமினா. விவேக் நகரிலிருந்து குடிவந்து இரண்டு மாதம்தான் ஆகிறது.

"வாங்க சார், உள்ள வாங்க. ஊருக்குப் போனீங்களா? அந்த அம்மாக்கு இப்ப தேவலயா?" என்றார்.

"இல்ல. இறந்துட்டா. குழந்தையும்."

பிலோமினா சிலுவை போட்டுக்கொண்டார். அந்தோணி நுரையைத் துண்டால் துடைத்துக்கொண்டே நின்றார். பிறகு, நான் எதுவும் கேட்காமலேயே சொல்ல ஆரம்பித்தார். ஆறரை மணி நேரம் என்ன செய்தீர்கள் என்று கேட்கத்தான் ரயில் முழுக்க வார்த்தை சேர்த்துக்கொண்டு வந்திருந்தேன்.

"அன்னிக்கி நான் டூட்டிக்கே போகல சார். இங்கிலீஷ்ல சீரியஸ்னு மட்டும் படிக்க வந்துச்சு. சைக்கிள எடுத்தேன். கிராஸ் சரியா இருக்கும், பிளாக்தான் தப்பா இருக்கும்னு நெனச்சேன். ஒன்னாவது பிளாக் நாலாவது கிராஸ் போனேன், அங்க பதினாலு வெறும் அஸ்திவாரம். மூணாவது பிளாக் போனேன், பூட்டுன வீடு, பக்கத்துல கேட்டா கன்னடக்காரங்கன்னாங்க. நாலாவது பிளாக் போறப்ப மணி பன்னெண்டு. நாலாவது கிராஸ்ல பதினாலாம் நம்பர்ல ஒரு ஐயரு, அப்டி யாரும் இல்லியேப்பான்னுட்டாரு. அப்புறம் அஞ்சு, ஆறு. சைட் ஆபீஸ்ல கேட்டா தெரியும்னு மூணு மணிக்கித்தான் ஒருத்தர் சொன்னாரு."

நாலாவது பிளாக், நாலாவது கிராஸ். என் வீடு அங்கிருந்து இரண்டு கிராஸ் தள்ளி. என் வரைபடத்தில் கிராஸுக்கும் கிராஸுக்கும் இருநூறு அடி. பன்னிரண்டு மணிக்கு இந்த மனிதர் என் பூட்டிய வாசலுக்கு நானூறு அடியில் நின்றிருக்கிறார். பக்கத்து வீட்டில் என் ஆபீஸ் போன் நம்பர் கொடுத்து வைத்திருந்தேன்.

"யார் சார் அட்ரஸ மாத்திப் போட்டது?" என்று அந்தோணி கேட்டார்.

சரோஜாவின் தலையணைக்கு அடியில் கிடைத்த என் கடிதம் சட்டைப் பையில் இருந்தது. எடுத்துக் காட்டினேன். மேலே வலது மூலையில் என் கையெழுத்து: 14, 4-2, ராஜாஜிநகர். ஆபீஸில் வரைபடங்களை பிளாக் வாரியாக அடுக்குவதால் பிளாக்கை முதலில் எழுதுவோம், கிராஸைப் பின்னால். நாலு கோடு இரண்டு என்றால் எங்களுக்கு நாலாவது பிளாக், இரண்டாவது கிராஸ். வேறு விதமாகப் படிக்க முடியும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அந்தோணி சத்தமாகப் படித்தார். "பதினாலு, நாலாவது கிராஸ், ரெண்டாவது பிளாக். சரியாத்தான சார் இருக்கு? எல்லாரும் இப்டித்தான படிப்பாங்க. கிராஸ்தான மொதல்ல..."

"கொஞ்சம் சும்மா இருங்களேன்," என்றார் பிலோமினா.

அவர் உள்ளே போய், குழந்தை ஏசு படம் போட்ட காலண்டருக்குப் பின்னாலிருந்து இரண்டு கவர்களை எடுத்து வந்தார். "பிரிக்கல சார், சத்தியமா. போஸ்ட்மேன்கிட்ட திருப்பிக் குடுத்தேன். அட்ரஸ் இதானம்மா, நான் எங்க கொண்டு போவேன்னாரு. யாராச்சும் தேடி வருவாங்கன்னு வெச்சிருந்தேன்."

காபி வைக்கிறேன் என்று இருவரும் உள்ளே போய்விட்டார்கள். ஒரு காபிக்கு இரண்டு பேர் எதற்கு என்று பிறகுதான் தோன்றியது.

முதல் கடிதத்தில் இருந்தது: "அதென்ன 4-2? கழித்தல் கணக்கா? நாலாவது கிராஸ், ரெண்டாவது பிளாக் என்று அப்பா சொல்கிறார். அப்படியே போட்டிருக்கிறேன். தப்பென்றால் உடனே எழுதுங்கள்."

இரண்டாவது சிறியது. "பதில் இல்லை. ஆபீஸில் வேலையா, என் மேல் கோபமா? கோபமென்றால் அதையாவது எழுதுங்கள். மூன்றாம் மாதம் நானே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன், நீங்கள் லீவு போட வேண்டாம். எந்த ஸ்டேஷனில் இறங்க வேண்டும், எந்த பஸ், எவ்வளவு டிக்கெட், இறங்கி எவ்வளவு தூரம் நடக்க வேண்டும், எல்லாம் விவரமாக எழுதுங்கள். கைப்பிள்ளைக்கும் டிக்கெட் கேட்பார்களா? உங்கள் நம்பர் கணக்கில் எழுதாதீர்கள். எனக்குப் புரிகிற மாதிரி எழுதுங்கள்."

அந்தோணி காபியைக் கொண்டுவந்து வைத்தார்.

"பஸ்ஸுல கைக்குழந்தைக்கு டிக்கெட் உண்டா?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார், கையிலிருந்த கடிதத்தைப் பார்த்தார். பிறகு டூட்டியில் நிற்பவர்போல் சொன்னார்: "மடியில வெச்சிருந்தா இல்ல சார். தாய்க்கு மட்டும் ரெண்டணா. எடம் இல்லன்னா நாங்களே யாரையாச்சும் எழுப்பி விட்டு உக்கார வெப்போம்."

பிலோமினா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சமையலறைக்குத் திரும்பினார்.

வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் என் பெட்டியைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு அந்தோணி என் வீடு வரை தள்ளிக்கொண்டு வந்தார். இரண்டாவது பிளாக்கிலிருந்து நாலாவது பிளாக் ஒரு மைல் ஒரு பர்லாங், நடந்தால் இருபத்தைந்து நிமிடம். வழியில் அவர் பேசியது ஒரே ஒரு தடவை: "ரெண்டாவது கிராஸும் ஒருவாட்டி எட்டிப் பாத்திருக்கலாம் சார். தோணாமப் போச்சு." அவர் மேல் தப்பில்லை என்று சொன்னேன். ஊர் வந்து சேரும்வரை என்னிடம் இருந்த கோபத்தை வேறு எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

சைட் பார்க்க வருபவர்களுக்கு இரண்டு யோசனைகள். காலை ஆறிலிருந்து எட்டுவரைதான் குழாயில் தண்ணீர் வரும், அந்த நேரத்தில் வந்தால் எந்த ரோட்டில் வசதி என்று கண்ணால் பார்க்கலாம். முகவரி எழுதும்போது கிராஸ், பிளாக் என்ற வார்த்தைகளை முழுதாக எழுதுங்கள். வெறும் எண்ணை எழுதாதீர்கள், எவ்வளவு அவசரமானாலும்.

இனி வழி. சிட்டி ஸ்டேஷனில் இறங்க வேண்டும். ஜட்கா வேண்டாம், வண்டி குலுக்கும். வெளியே வந்து ஐந்து நிமிடம் நடந்தால் ராஜாஜிநகர் பஸ், பன்னிரண்டு நயா பைசா, கைக்குழந்தைக்கு டிக்கெட் இல்லை. நாலாவது பிளாக் என்று கேட்டு இறங்க வேண்டும். இறங்கியதும் எதிரே மாவு மில். அதை ஒட்டி நேராக ஒரு பர்லாங், மேடு இல்லை, வழியில் உட்காரக் கல் இருக்கிறது. வலப்பக்கம் இரண்டாவது ரோடு, இரண்டாவது கிராஸ். இடது கை வரிசையில் பச்சை வாசல் கதவு. நம்பர் பதினான்கு.

இதை ஆபீஸில் அதே மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். துக்கம் கேட்க ஒவ்வொருவராகக் கூப்பிடுகிறார்கள், மணி அடிக்கும்போதெல்லாம் கண் கடிகாரத்துக்குப் போகிறது. வழி கேட்க வேண்டியவர்கள் தபாலில் எழுதுங்கள். போன் ரிசீவரை எடுத்து மேஜைமேல் தனியாக வைத்துவிட்டேன்.