வார்டுக்கு எடுத்துப்போக ஒரு லேப்டாப்

என் கணவருக்கு டயாலிசிஸ் தொடங்கிய மூன்றாவது மாதம், நாங்கள் இருவரும் ஒரு லேப்டாப் வாங்கப் போனோம். திங்கள், புதன், வெள்ளி என்று வாரத்தில் மூன்று நாள் அவர் நாலு மணி நேரம் மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருக்க வேண்டும். நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அந்த நேரத்தில் என் வேலையையும் பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் எங்கள் திட்டம்.

என் வேலை, கட்டப்போகும் வீடுகளை முன்கூட்டியே படமாகக் காட்டுவது. இன்ஜினியர் கொடுக்கும் பிளானைக் கம்ப்யூட்டரில் சுவரும் கூரையுமாக எழுப்பி, நிறம் கொடுத்து, காலை வெயில் எந்த ஜன்னல் வழியாக எவ்வளவு தூரம் உள்ளே விழும் என்பதுவரை காட்ட வேண்டும். புதுச்சேரி கருவடிக்குப்பத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு பெரிய கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு பத்து வருடமாக இதைத்தான் செய்துவந்தேன். அந்த வருட மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. தரையில் இருந்த பெட்டி நனைந்து போனது. இரண்டு கடைகளில் காட்டியும் சரியாகவில்லை.

அவர் கட்டட சைட்டுகளில் சூப்பர்வைசராக இருந்தவர். நான் எந்தப் படத்தை முடித்தாலும் முதலில் பார்ப்பது அவர்தான். பாராட்ட மாட்டார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இந்த பீம் எதன் மேல் நிற்கிறது, இந்தக் கதவைத் திறந்தால் கட்டிலில் இடிக்காதா என்று கேட்பார். பெரும்பாலும் அவர் சொல்வது சரியாக இருக்கும். சிறுநீரகம் பழுதான பிறகு அவர் சைட்டுக்குப் போவது நின்றுவிட்டது. ஆனால் என் படங்களைப் பார்ப்பதை நிறுத்தவில்லை.

கடையில் இருந்த பெண் என் வேலையைப் பற்றிக் கேட்டுவிட்டு, இரண்டு லேப்டாப்களை மேசைமேல் எடுத்து வைத்தாள். ஒன்று கேமிங் லேப்டாப். தடிமனாக, கீபோர்டுக்கு அடியில் சிவப்பு விளக்கோடு இருந்தது. பெரிய கிராஃபிக்ஸ் கார்டு இருப்பதால் உங்கள் வேலைக்கு இதுதான் சரி என்றாள். எடை இரண்டரைக் கிலோ; அதன் சார்ஜரே ஒரு செங்கல் கனம் இருந்தது. இன்னொன்று நோட்டுப் புத்தகம்போல மெல்லியது. ஒன்றேகால் கிலோகூட இல்லை. சத்தமே வராது, காலையில் சார்ஜ் போட்டால் சாயங்காலம்வரை தாங்கும், ஆனால் பெரிய படங்களைச் செய்யும்போது திணறும் என்று சொன்னாள். விலையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

அவர் பழக்கத்தில் கேமிங் லேப்டாப்பை இடது கையால் தூக்கப் போனார். நான் சட்டென்று அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக அந்தக் கையில் ரத்தக்குழாய்களை இணைத்துத் தைத்திருந்தார்கள். அந்தக் கையால் எடை தூக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கடைப்பெண் எங்களையே பார்த்தாள். அவர் வலது கையால் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

நான் மெல்லியதையே வாங்கிவிடலாம் என்றேன். அதை வைத்துக்கொண்டு பஞ்சாயத்து, நகராட்சி அனுமதிக்கான சாதாரண பிளான்கள் போடலாம், அதற்கும் ஆள் வேண்டியிருக்கிறது என்று விளக்கினேன். அவர் கடைக்கு வெளியே வந்து நின்றார். நானும் வந்தேன்.

“பிளான் போட ஊர்ல ஆயிரம் பேரு இருக்காங்க. நீ செய்யற வேல அது இல்ல” என்றார்.

“வாரத்துல மூணு நாளு தூக்கிக்கினு போவணும். நீங்க தூக்க முடியாது.”

“ஸ்கூட்டர் தான தூக்கப் போவுது. எனுக்காக உன் வேலைய சின்னதாக்கிக்காத. அப்பறம் எனுக்குப் படுத்துக்கினு இருக்கவே புடிக்காது.”

அவருடைய பிடிவாதத்தால்தான் கேமிங் லேப்டாப்பை வாங்கினோம் என்று பிறகு பலரிடம் சொன்னேன். அது முழு உண்மை இல்லை. கடைக்குள் நுழைந்ததிலிருந்து என் கண் அதன்மேல்தான் இருந்தது. பழைய கம்ப்யூட்டரில் ஒரு நாள் முழுக்க ஆகும் படத்தை இது நாலு மணி நேரத்தில் செய்துவிடும் என்று அந்தப் பெண் சொன்னபோதே நான் முடிவெடுத்துவிட்டேன். வேண்டாம் என்று சொல்ல வேண்டியது என் கடமை என்று நினைத்துச் சொன்னேன். அவர் மறுத்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது.

முதல் திங்கட்கிழமை அதை முதுகுப்பையில் போட்டுக்கொண்டு வார்டுக்குப் போனேன். எட்டுக் கட்டில்கள் இருந்த அறை அது. அவருடையது ஜன்னல் ஓரக் கட்டில். நான் ஸ்டூலில் உட்கார்ந்து மடியில் வைத்துத் திறந்தேன். வேலை தொடங்கிய ஐந்தாவது நிமிடம் அதன் மின்விசிறி மிக்ஸி ஓடுவதுபோல இரையத் தொடங்கியது. தொடை சுட்டது. ஒரு மணி நேரத்தில் சார்ஜ் தீர்ந்தது. கட்டிலுக்குப் பின்னால் இருந்த பிளக்கில் சொருகப் போனேன். அது டயாலிசிஸ் மெஷினுக்கு மட்டும் என்று நர்ஸ் தடுத்துவிட்டார்.

அடுத்த கட்டிலில் வீராம்பட்டினத்தைச் சேர்ந்த ஒரு பெரியவர் படுத்திருந்தார். நாற்பது வருடம் கடலுக்குப் போனவர். அவருடன் அவர் மனைவி வருவார். மூன்றாவது தடவை நான் லேப்டாப்பைத் திறந்தபோது அந்த அம்மா என் அருகில் வந்து, தாழ்ந்த குரலில், “அந்தச் சத்தம் இவருக்கு மண்டைக்குள்ள குடையுதாம்மா. தப்பா நெனைக்காத” என்றார். நான் உடனே மூடிவிட்டேன். இரண்டு வாரம் பார்த்துவிட்டு, அதை வார்டுக்குக் கொண்டுபோவதையே நிறுத்திவிட்டேன்.

அதன் பிறகு வந்த எட்டு மாதங்களை நான் குறை சொல்ல மாட்டேன். கிளம்புவதற்கு முன் வீட்டு மேசையில் லேப்டாப்பில் ஒரு படத்தை ஓட விட்டுவிட்டுப் போவேன். நாங்கள் திரும்பி வரும்போது அது முடிந்திருக்கும். அந்த நாலு மணி நேரமும் எனக்கு வார்டில் வேலை எதுவும் இல்லை. கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் நாங்கள் அப்படி ஒரே இடத்தில் சும்மா உட்கார்ந்து பேசியதே கிடையாது. அவர் தன் முதல் சைட்டைப் பற்றிச் சொன்னார். சாரம் சரிந்து ஒருவர் விழுந்ததைப் பார்த்த பிறகு ஒரு மாதம் மேலே ஏற முடியாமல் தவித்ததைச் சொன்னார். எங்களுக்குக் குழந்தை இல்லாததைப் பற்றி, சண்டை போடாமல் முதல்முறையாகப் பேசினோம். மூன்றாவது மணி நேரத்தில் அவருக்குக் குளிரெடுக்கும். நான் இரண்டாவது போர்வையைப் போர்த்திவிட்டு அவர் பாதங்களைப் பிடித்துக்கொண்டிருப்பேன்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு பெரிய வேலை வந்தது. பிரான்சில் குடியேறிவிட்ட ஒரு புதுச்சேரிக்காரர், நகரத்துக்குள் இருந்த தன் அப்பாவின் வீட்டை விருந்தினர் விடுதியாக மாற்ற நினைத்தார். போனில் என்னை ‘மதாம்’ என்றுதான் கூப்பிடுவார். வாசலில் நுழைந்து, முற்றத்தைக் கடந்து, மாடி ஏறி, அறைகளைப் பார்ப்பதுபோல முழு வீட்டையும் ஒரு வீடியோவாகச் செய்து தரச் சொன்னார். ஒரு சனிக்கிழமை அவர் இங்கே வந்து இறங்குகிறார். அன்றே பார்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை காலைவரை மாடிப் பகுதி முடியவில்லை. ஓட விட்டுவிட்டுப் போகும் வேலை இல்லை அது. நான் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டியிருந்தது.

என் கணவரின் தங்கை காலாப்பட்டில் இருக்கிறாள், அங்கேயே ஓர் அலுவலகத்தில் வேலை. விஷயத்தைக் கேட்டதும் லீவு போட்டுவிட்டு முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டாள். மருத்துவமனைக்குப் போக அவளோடு ஆட்டோவில் ஏறும்போது அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, “நாலு மணி நேரந்தான. நீ முடி” என்றார். டயாலிசிஸ் தொடங்கியதிலிருந்து நான் அவரோடு போகாத ஒரே நாள் அதுதான்.

பதினோரு மணிக்கு மாடிப்படியின் படம் முடிந்தது. அதை அவர் போனுக்கு அனுப்பினேன். சற்று நேரத்தில் பதில் வந்தது. கைப்பிடி தாழ்வாக இருக்கிறது, குழந்தைகள் வந்தால் எட்டிப் பார்த்து விழுந்துவிடும், ஒரு சாண் ஏற்று என்று எழுதியிருந்தார். நான் சிரித்துக்கொண்டே கைப்பிடியை உயர்த்தினேன்.

பன்னிரண்டரைக்கு நாத்தனார் கூப்பிட்டாள். ரத்த அழுத்தம் திடீரென்று இறங்கி மயங்கிவிட்டார், உடனே வா என்றாள். ஸ்கூட்டரில் எப்படிப் போனேன் என்று எனக்கு இன்றுவரை நினைவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது ஜன்னல் ஓரக் கட்டில் காலியாக இருந்தது. ஐசியூவுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். வீராம்பட்டினத்து அம்மா என் கையைப் பிடித்து எந்தப் பக்கம் போக வேண்டும் என்று காட்டினார்.

அவர் கண் திறக்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, மாதா கோவிலில் இரண்டாம் பூசை முடியும் நேரத்தில், இறந்துபோனார்.

இதயம் நின்றுவிட்டது, நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். அதை நான் நம்புகிறேன். ஆனால் என் கேள்வி வேறு. அந்த மெல்லிய லேப்டாப்பை வாங்கியிருந்தால் அந்த வேலை எனக்கு வந்திருக்காது. வந்த சின்ன வேலையை மடியில் வைத்து, சத்தமில்லாமல், அவர் கட்டிலுக்குப் பக்கத்திலேயே செய்திருப்பேன். அவரைக் காப்பாற்றியிருக்க மாட்டேன். ஆனால் அங்கே இருந்திருப்பேன். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும், பதினோரு மாதம் ஒரு நாள் தவறாமல் பார்த்துக்கொண்டாய் என்று என்னைப் புகழ்ந்தார்கள். எனக்கு அந்த ஒரு நாள் மட்டும்தான் தெரிந்தது.

அந்தக் காலையில் அவர் என்ன பேசினார் என்று நாத்தனாரிடம் கேட்டேன். படம் வந்ததும் பக்கத்துக் கட்டில் பெரியவரிடம் போனைக் காட்டி, என் வீட்டுக்காரி வரைந்தது என்று சொன்னாராம். பெரியவர் இவ்வளவு பெரிய வீட்டில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று கேட்டாராம். வேறு ஒன்றும் இல்லை அண்ணி என்று முடித்துவிட்டாள்.

விடுதிக்காரர் இரண்டு மாதம் காத்திருந்தார். வீடியோவை முடித்துக் கொடுத்தேன். கைப்பிடியை ஏன் இவ்வளவு உயரமாக வைத்திருக்கிறீர்கள், பழைய வீடுகளில் இப்படி இருக்காதே என்று கேட்டார். குழந்தைகளுக்காக என்றேன். அவர் மறுக்கவில்லை.

கல்லறைத் திருநாள் அன்று நாத்தனாரும் நானும் கல்லறைக்குப் போனோம். கழுவித் துடைத்து, சாமந்தி மாலை போட்டு, மெழுகுவத்திகளை வரிசையாக ஏற்றினோம். பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்துவிட்டுப் போன பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. அணைந்துபோன ஒரு மெழுகுவத்தியைத் திரும்பத் திரும்பப் பற்ற வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்க்காமலேயே பேசினாள்.

“அண்ணி, உங்கிட்ட ஒண்ணு சொல்லல. அன்னிக்கு அண்ணனுக்குக் குளுரு வந்துச்சி. நான் போர்வ போத்துனேன். அப்ப, ‘அவ கெளம்பிட்டாளான்னு போன் போட்டுக் கேளு’ன்னாரு. நான் போட்றதுக்குள்ள, ‘வேணாம், வேலையில இருப்பா, வுடு’ன்னுட்டாரு. அதுக்கப்புறம் கொஞ்ச நேரத்துலதான்...”

நான் அங்கேயே உட்கார்ந்தேன். சுற்றிலும் குடும்பம் குடும்பமாக ஜனங்கள் நடந்துகொண்டிருந்தார்கள். நான் அழுதேன். அவர் இறந்த அன்றுகூட நான் அப்படி அழவில்லை.

அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு, “உன்னக் கஷ்டப்படுத்தறதுக்குச் சொல்லல. எனுக்குள்ளயே வெச்சிக்க முடில அண்ணி. நான் அப்பவே போன் போட்ருக்கணும்” என்றாள்.

அப்போதுதான் அவள் முகத்தை நான் சரியாகப் பார்த்தேன். அவள் வெகுவாக இளைத்திருந்தாள். இத்தனை மாதமும் நான் என் லேப்டாப்பையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்த அதே நேரத்தில், இவளும் காலாப்பட்டில் தன் போனைக் கையில் வைத்துக்கொண்டு இப்படியே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அண்ணன் வேண்டாம் என்று சொன்னதால்தான் அவள் போன் போடவில்லை. அவர் ‘நீ முடி’ என்று சொன்னதால்தான் நான் வீட்டில் இருந்தேன். எங்கள் இருவருக்கும் அவர் ஒன்றையேதான் சொல்லியிருக்கிறார்.

“அவரு வேணாம்னா வேணாந்தான். உன்மேல ஒண்ணுமில்ல” என்றேன்.

“அப்ப உன்மேல மட்டும் இருக்குதா?” என்று கேட்டாள்.

அவள் எழுந்து எனக்குக் கை கொடுத்தாள். வீட்டில் மதியத்துக்கு மீன் வாங்கி வைத்திருப்பதாகவும், தனியாகச் சாப்பிடப் போகாதே, என்னோடு வா என்றும் சொன்னாள். காலாப்பட்டு பஸ்ஸில் கூட்டமாக இருந்தது. ஓர் இடம்தான் கிடைத்தது. என்னை உட்கார வைத்துவிட்டு அவள் பக்கத்தில் நின்றுகொண்டு வந்தாள்.