வாயில் ஒரு மடக்குத் தண்ணீர்

மல்லிகா மேடம் இறந்துபோன செய்தி வந்தபோது நான் ஒரு பெரியவருக்கு வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தேன். வேங்கிக்காலில் நான் வேலை பார்க்கும் இ-சேவை மையத்தில் திங்கட்கிழமை என்றால் வரிசை வாசலைத் தாண்டி நிற்கும். மேடத்தின் தங்கை போன் செய்தார். "எங்க அக்கா..." என்று தொடங்கி, நிறுத்திவிட்டார். அடுத்தவர் பேச்சை முடித்துவைப்பதுதான் என் வழக்கம். அன்று மட்டும் முடித்துவைக்கவில்லை. பெரியவரின் ரேஷன் கார்டைக் கையில் வைத்துக்கொண்டே வெளியே போய் நின்றேன்.

செங்கம் சாலையில், ஆசிரமத்துக்குப் பக்கத்துச் சந்தில், மாடியில் மேடம் பேச்சுப் பயிற்சி கொடுத்த அந்த ஒற்றை அறைக்குச் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளைக் கூட்டிவந்த உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். கீழ்பென்னாத்தூர் வீட்டிலிருந்து மேடம் பஸ் ஏறி, துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியேறி வருவாரே, அந்தக் காலடிச் சத்தம் உங்களுக்கும் நினைவிருக்கும்.

என் மகள் கயலுக்கு அப்போது ஐந்து வயது. காது நன்றாகக் கேட்கும். சொன்னதெல்லாம் புரியும். ஆனால் ஒரு பொருளின் பெயர் வேண்டிய நேரத்தில் அவளுக்குக் கிடைக்காது. குடையை 'மழைக்குப் பிடிக்கிறது' என்பாள். சீப்பைக் காட்டினால் தலையைத் தொட்டுக்கொண்டு நிற்பாள். பள்ளியில் மந்தம் என்று சொல்லிவிட்டார்கள். நாக்கில் வசம்பு தேய்த்தோம், அண்ணாமலையாருக்கு வேண்டிக்கொண்டோம். அவள் திணறுவதைப் பார்க்கப் பொறுக்காமல் நானே எல்லாப் பெயரையும் எடுத்துக்கொடுத்துவிடுவேன். என் தொழிலும் அதுதானே. ஒருவர் வந்து "அந்த சர்டிபிகேட்டு..." என்று இழுத்தால், "சாதியா, வருமானமா, இருப்பிடமா?" என்று கேட்டு முடித்துவிட வேண்டும். இல்லையென்றால் பின்னால் நிற்பவர்கள் என்னைத் திட்டுவார்கள்.

முதல் நாள் மேடம் பையிலிருந்து பூட்டு, சீப்பு, கரண்டி என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். கயல் வாயைத் திறப்பதற்கு முன்னால் நான் மூன்று பதில் சொல்லிவிட்டேன். மேடம் கோபப்படவில்லை. ஒரு டம்ளர் தண்ணீரை என்னிடம் நீட்டினார்.

"ஒரு மடக்கு வாயில வெச்சுக்குங்கம்மா. முழுங்கிடாதீங்க. பாப்பா சொல்லி முடிச்சப்புறம் முழுங்கலாம்."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை. கன்னம் உப்ப, குரங்கு மாதிரி முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அதற்குள் மூன்று தடவை விழுங்கியும்விட்டேன். ஒவ்வொரு தடவையும் டம்ளர் மறுபடி என் பக்கம் வந்தது. உங்களில் எத்தனை பேர் அந்த டம்ளரைப் பிடித்திருக்கிறீர்கள் என்று தெரியவில்லை. எனக்கு அது இரண்டு வருடம் நீடித்தது.

மேடம் கயலிடம் ஒருநாளும் பொருளின் பெயரைக் கேட்டதில்லை. இது வீட்டில் எங்கே இருக்கும், யார் எடுப்பார்கள், எடுத்து என்ன செய்வார்கள் என்று கேட்டுக்கொண்டே போவார். பிறகு கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். "வார்த்தை உள்ளதான் இருக்கு. தேடுறவங்களுக்கு டைம் குடுக்கணும், அவ்வளவுதான்" என்பார். கயல் குடையைக் கையில் பிடித்து, விரித்து, மடக்கி, கடைசியில் "குடை" என்று சொன்ன நாளில் எனக்குப் புரையேறிச் சேலையெல்லாம் நனைந்தது.

வடிகட்டி மட்டும் வரவேயில்லை. மாதக்கணக்கில் அதை 'டீ அழுக்கு பிடிக்கிறது' என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு வாரம் முழுக்க வீட்டில் உட்காரவைத்து, வடிகட்டி வடிகட்டி என்று கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொல்லிக்கொடுத்தேன். சனிக்கிழமை பையிலிருந்து அது வெளியே வந்ததுமே கயல் படபடவென்று பெயரைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். மேடமும் என் முகத்தைத்தான் பார்த்தார்.

"அவசரம் உங்களுக்கு ஜாஸ்திம்மா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அடுத்த வாரம் அந்தப் பெயர் கயலுக்கு மறந்துபோயிருந்தது. அதற்கப்புறம் அந்தப் பொருளைக் கண்டாலே அவள் முகம் வாடியது. மேடம் அதைப் பையின் அடியில் போட்டுவிட்டார். என்னால் கெட்டது அது.

கயல் மூன்றாம் வகுப்புக்குப் போனபோது பேச்சு ஓரளவு சரளமாகிவிட்டது. சனிக்கிழமை டியூஷன் வந்தது. மேடத்தின் அறைக்குப் போவது நின்றது. ஆற்றைக் கடந்தால் ஓடக்காரனுக்கு ஒரு சொட்டு என்பார்கள், உதவியவரை மறந்ததில் நானும் விதிவிலக்கில்லை. மேடம்தான் மாதம் ஒருமுறை போன் செய்து கயலை விசாரிப்பார். அவருக்கு நுரையீரலில் நோய் இருந்தது. நான் விசாரிக்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

கடைசியாகப் பேசியதும் ஒரு திங்கட்கிழமைதான். குரல் தேய்ந்திருந்தது. நடுநடுவே மூச்சு வாங்கினார்.

"பாப்பாகிட்ட... ஒண்ணு..."

எதிரே வரிசை நெளிந்துகொண்டிருந்தது. நான் முந்திக்கொண்டேன். "பாப்பாகிட்ட பேசணுமா மேடம்? ஸ்கூலுக்குப் போயிருக்கா. சனிக்கிழமை நேர்லயே கூட்டிட்டு வரேன்."

மேடம் இருமி ஓய்ந்தார். பிறகு, "சரிம்மா" என்றார்.

அந்தச் சனிக்கிழமை பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்தில் பஸ் ஏற முடியாது என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அடுத்த சனிக்கிழமைக்கு வேறொரு காரணம் கிடைத்தது. கீழ்பென்னாத்தூருக்கு நாற்பது நிமிடப் பயணம்தான். நான் போகவில்லை. எத்தனை தடவை எண்ணிப் பார்த்தாலும் இதற்குச் சாக்கு கிடைக்கவில்லை.

மேடத்தைக் கிடத்தியிருந்த கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் அவருடைய தங்கை கயலைக் கூப்பிட்டு அந்தத் துணிப்பையைக் கொடுத்தார். கயலுக்கென்று சொல்லி அக்கா எடுத்துவைத்ததாம். "பாப்பாகிட்ட ஒண்ணு சொல்லணும்னு ரெண்டு மூணு நாளா சொல்லிட்டே இருந்தாங்க. பாப்பா வந்ததும் சொல்லுவாங்கன்னு நாங்க கேக்கல" என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் கயல் பைக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டே வந்தாள். அடியிலிருந்து வடிகட்டி வந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பி உதட்டைக் கடித்துக்கொண்டேன். இரண்டு நிறுத்தம் கடந்திருக்கும்.

"வடிகட்டி" என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. பையைப் பார்த்துச் சொன்னாள். பிறகுதான் என் பக்கம் திரும்பினாள்.

"மேடம் என்ன சொல்ல வந்தாங்கம்மா?"

நல்லா படின்னு சொல்ல வந்திருப்பாங்க, உன்னைப் பாக்கணும்னு சொல்ல வந்திருப்பாங்க என்று பத்து பதில் என் நாக்கு நுனியில் வந்து நின்றன. எதைச் சொல்லியிருந்தாலும் அவள் நம்பியிருப்பாள்.

"தெரியலம்மா. அம்மா சொல்ல விடல" என்றேன்.

பை கயலிடம் இருக்கிறது. என்னிடம் இருப்பது "பாப்பாகிட்ட ஒண்ணு" என்கிற அந்த அரை வாக்கியம்தான். அதை நான் முடிக்காமலே வைத்திருக்கிறேன், மேடம்.