நாங்கள் கழுவிக் கெடுத்த வீடுகள்

வாடகை வீட்டுக்குக் குடிபோக ஒரு நல்ல நாள் போதும். அதைக் காலி செய்துவிட்டு மானத்தோடு வெளியே வரத்தான் எங்களைப் போல இரண்டு ஆட்கள் வேண்டும்.

சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போன இடத்தில், வீட்டுக்காரர் கதவு நிலைக்கு மேலே விரலை ஓட்டி, அந்த விரலை உங்கள் மூக்குக்கு நேரே நீட்டி, நீங்கள் பிறந்ததிலிருந்து குளித்ததே இல்லை என்பதுபோல ஒரு பார்வை பார்த்திருக்கிறாரா? அப்படியானால் நீங்களும் நம்ம ஆள். மேலே படியுங்கள்.

நாற்பதுகளில், யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில், தூத்துக்குடியில் அந்த விரலுக்குப் பயந்தவர்களுக்கெல்லாம் நானும் சவரிமுத்துவும்தான் வீடு கழுவிக் கொடுத்தோம். சவரிமுத்து அதற்கு முன் தோணிகளின் அடிப்பலகையில் ஒட்டியிருக்கும் சிப்பியைச் சுரண்டிக்கொண்டிருந்தவன். நான் பலசரக்குக் கடையில் மூட்டை தூக்கியவன். கூட்டுவதற்கு இரண்டு ஈர்க்கு வாரியல், ஒரு வாளி, தேங்காய் நார், புளி, சாம்பல், சுண்ணாம்பு. எங்கள் கம்பெனியின் மொத்தச் சொத்து இவ்வளவுதான்.

எனக்குக் கல்யாணமாகி ஏழு மாதம் ஆகியிருந்தது. மனைவி பாக்கியம் சாத்தான்குளத்தில் அவள் அப்பா வீட்டில் இருந்தாள். நான் கடை மச்சில் ஐந்து பேரோடு படுத்துக்கொண்டிருந்தேன். வீடு பார்த்தால்தான் பெண்ணை அனுப்புவேன் என்று மாமனார் சொல்லிவிட்டார். குண்டு விழும் என்று பயந்து ஓடிய கூட்டம் திரும்பி வந்து, பர்மாவிலிருந்து வந்தவர்களும் சேர்ந்துகொண்டு, ஊரில் வீடு என்பது குதிரைக்கொம்பாக இருந்தது. எந்த வீடு காலியாகிறது என்று ஊரில் முதலில் தெரிவது எனக்கு. அது கிடைக்காமல் போவதும் எனக்கே. கேட்டால் வீட்டுக்காரர்கள் சொல்லிவைத்தாற்போல ஒரே பதிலைச் சொன்னார்கள்: "உனக்கு வீட்டைக் குடுத்துட்டு, நீ காலி பண்ணும்போது நான் யாரலே கூப்பிடுவேன்?"

வாரியலைத் தொடாதே

மில் மேஸ்திரி ஒருவர் வேலையை விட்டுவிட்டுச் சொந்த ஊரான கொற்கைக்குக் கிளம்பினார். சாமான்களை மாட்டுவண்டியில் ஏற்றியாயிற்று. அவர் மனைவி எங்களைப் பார்த்து, "நாங்க ஊர் போய்ச் சேருத வரைக்கும் வீட்டுல வாரியல் படக்கூடாது. ஆள் போன சூட்டோட கூட்டினா போற காரியம் விளங்காது" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு வண்டியில் ஏறினாள். வீட்டுக்காரரோ வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, "மத்தியானம் புதுக்குடி பால் காய்ச்ச வருது, அதுக்குள்ள வீடு பளிச்சுன்னு இருக்கணும்" என்றார். வண்டி கொற்கை போய்ச் சேரச் சாயங்காலம் ஆகும்.

"வாரியல்தானே படக்கூடாது? கையால அள்ளுவோம்" என்றான் சவரிமுத்து. மூன்று அறை, ஒரு முற்றம். இருவரும் தவழ்ந்தபடியே தூசி, தலைமுடி, நெல் உமி, உடைந்த சீப்பு எல்லாவற்றையும் கையால் பொறுக்கினோம். ஒருவழியாக முடித்தபோது எனக்கு இடுப்பு நிமிரவில்லை. அந்த நேரம் பார்த்து மேஸ்திரி மனைவி மூச்சிரைக்க வந்து நின்றாள். ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் வண்டியின் அச்சு முறிந்துவிட்டதாம். சவரிமுத்து சுவரில் சாத்தியிருந்த வாரியலைக் காட்டி, கட்டைக்கூட அவிழ்க்கவில்லை, எல்லாம் கையால்தான் அள்ளினோம் என்று மாதா மேல் சத்தியம் செய்தான். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "பாவி மக்கா, கையால அள்ளுனியளா? வாரியலால கூட்டியிருந்தாக்கூட வண்டி பாதி வழியாவது போயிருக்குமே!"

பளபளத்த கதவு

அடுத்தது ஒரு பிள்ளைவாள் வீடு. வெங்காயம் நறுக்கிய கத்தியைக்கூடத் தனியாக வைக்கிற சைவம். வாடகைக்கு இருந்த கோர்ட்டு குமாஸ்தா காலி செய்யும்போது எங்களிடம், "கதவு ஜன்னல் எல்லாம் மங்கிப் போச்சு. ஏதாவது பூசி மினுக்கிருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் குசினிக் கூரையில் கரி சுரண்டிக்கொண்டிருந்தேன். கதவுகளைச் சவரிமுத்து பார்த்துக்கொண்டான். கீழே இறங்கி வந்து பார்த்தால் நிலை, கதவு, ஜன்னல், தூண் எல்லாம் கண்ணாடியாய் மின்னுகின்றன. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மூச்சை உள்ளே இழுத்தேன். சந்தோஷம் போய்விட்டது.

தோணிப் பலகைக்குப் பூசுகிற மீன் எண்ணெய்! இரண்டு டின்! "கடல் தண்ணியே உள்ள போவாது, தூசியா போவும்?" என்று அவன் பெருமையாகக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே பிள்ளைவாள் வந்தார். வழக்கம்போல நிலைக்கு மேலே விரலை ஓட்டினார். தூசி இல்லை. விரல் மினுங்கியது. முகர்ந்து பார்த்தார். அப்படியே விரலைத் தன் உடம்போடு சேராமல் தூரமாக நீட்டிப் பிடித்துக்கொண்டு தெருவுக்குப் போனார். தெருவில் ஏற்கெனவே நான்கு பூனைகள் உட்கார்ந்திருந்தன. அவற்றைப் பார்த்துவிட்டு, ஈனக்குரலில் சொன்னார்: "இனிமே இதுகளுக்குத்தான் வாடகைக்கு விடணும்."

ஆணி

"சுவத்துல இருக்கிற ஆணியெல்லாம் பிடுங்கிருங்க, வீட்டுக்காரன் ஒரு மாதிரி" என்று ஒரு குடித்தனக்காரர் சொன்னார். பிடுங்கினோம். சுண்ணாம்பு வைத்துப் பூசினோம். வீட்டுக்காரர் வந்து வெறும் சுவரை வெகுநேரம் பார்த்தார். தன் கையிலிருந்த கனமான சாமி படத்தையும் பார்த்தார். பிறகு அதை என் பக்கம் நீட்டி, "இந்தா, நீயே பிடிச்சுக்கிட்டு நில்லு!" என்றார்.

முத்து

இந்த இடத்தில் எனக்கு நிஜமாகவே அழுகை வரும். தொம்மை அண்ணாச்சி என்றொரு வீட்டுக்காரர். நல்ல மனுஷர். அவர் வீட்டில் இருந்த வாத்தியார் ஸ்ரீவைகுண்டத்துக்கு மாற்றலாகிப் போனார். "நீ கழுவி முடிச்ச கையோட நீயே குடிவந்துரு" என்று அண்ணாச்சி என்னிடம் சொல்லிவிட்டார். நான் அன்றே பாக்கியத்துக்குக் கடிதம் போட்டேன். அடுப்பை எந்தப் பக்கம் பார்த்துப் போடலாம் என்றுகூட எழுதினேன்.

மூன்றாம் நாள் வாத்தியாரிடமிருந்து அண்ணாச்சிக்குக் கார்டு வந்தது. "அவசரத்தில் முத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டோம். இருட்டில் எங்காவது இருக்கும். கண்டால் பத்திரமாக எடுத்து வைக்கவும். ஞாயிறன்று வருகிறேன்." முத்து! தூத்துக்குடிக்காரன் கண்ணில் அந்த வார்த்தை பட்டால் அப்புறம் கை சும்மா இருக்குமா? சாக்கடை மண்ணைச் சல்லடை போட்டுச் சலித்தோம். சவரிமுத்து, தன் தாத்தா முத்துக் குளித்தவர் என்று சொல்லிக்கொண்டு கிணற்றில் குதித்து, ஒரு சொம்போடு மேலே வந்தான். கடைசியில் அண்ணாச்சியே கடப்பாரை கொண்டுவந்து தளக்கல்லைப் பெயர்க்க ஆரம்பித்தார். நான் குடிவரப் போகிற வீட்டின் தரை என் கண்முன்னால் குழி குழியாகப் போனது. வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. ஆசை எனக்கும் இருந்தது.

தேடிய களைப்பில் பசித்தது. குசினிப் பரணில் விறகுக்குப் பின்னால் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. கறுப்பு உடம்பில் வெள்ளை வெள்ளையாய்ப் புள்ளி. "யாரும் தேடி வரலியே, நாதியத்த கோழி" என்றான் சவரிமுத்து. நன்றாகவே குழம்பு வைத்தான். முட்டைகளையும் விடவில்லை. மூவரும் வாழை இலையை வழித்துக்கொண்டிருந்தபோது வாத்தியார் உள்ளே வந்தார். கையில் வைக்கோல் பரப்பிய கூடை. "முத்து கிடைச்சுட்டாளா? பிள்ளைங்க ரெண்டு நாளா சாப்பிடலை. உடம்பெல்லாம் முத்து முத்தாப் புள்ளி இருக்கும்" என்றார். அண்ணாச்சியின் கையிலிருந்த எலும்பு இலையில் விழுந்தது. சவரிமுத்து என் காதருகே குனிந்தான். "ஏலே, என் பேருலயும் முத்து இருக்குல்லா, என்னையக் கூட்டிட்டுப் போவச் சொல்லு."

மாமனார் வந்தார்

தரை இல்லாத வீட்டை அண்ணாச்சி எனக்கு எப்படிக் கொடுப்பார்? என் முகத்தைப் பார்க்கவே அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் என் கடிதத்தை நம்பி மாமனார் பதில் போட்டிருந்தார்: வெள்ளிக்கிழமை பெண்ணோடு வருகிறேன். வீடு சரியில்லை என்றால் அப்படியே திரும்பக் கூட்டிப்போய்விடுவேன், அப்புறம் என்னைக் குறை சொல்லக்கூடாது. ஊரில் காலியாக இருந்தது ஒரே ஒரு வீடுதான். இரண்டு மாதமாக எவரும் எட்டிப் பார்க்காத வீடு. பிள்ளைவாள் சாவியைத் தூரத்திலிருந்தே என்னிடம் எறிந்தார்.

நானும் சவரிமுத்துவும் மூன்று நாள் கழுவினோம். புளி, சாம்பல், சீயக்காய், எலுமிச்சம்பழம், கடைசியில் ஒரு கட்டு ஊதுபத்தி. மீன் வாசனை போகவில்லை. ஊதுபத்தி வாசனையும் சேர்ந்துகொண்டது, அவ்வளவுதான். பூனைகள் ஏழாகிவிட்டன.

வெள்ளிக்கிழமை காலையில் வந்தார்கள். மாமனார் படியில் கால் வைத்ததுமே துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். "மாப்ளே, இது வீடா, கருவாட்டு மண்டியா? இதுல மனுசன் இருப்பானா? ஏளா பாக்கியம், பெட்டியைத் தூக்கு. போவோம்" என்றார். இத்தனை மாதம் காத்திருந்தது இந்த ஒரு படியோடு முடிந்துவிடுமோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

பாக்கியம் உள்ளே போனாள். நிலைக்கு எட்டி, மேலே விரலை ஓட்டிப் பார்த்தாள். முகர்ந்தாள். "இதைக் கழுவினது எந்தப் புண்ணியவான்?" என்றாள். நான் சவரிமுத்துவைப் பார்த்தேன். அவன் பூனையைப் பார்த்தான். அவள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, மூலையில் கிடந்த வாரியலைப் பார்த்தாள். அப்புறம் வாசலில் பெட்டியோடு நின்ற அப்பாவைப் பார்த்துச் சொன்னாள்: "பெட்டியை வச்சுட்டு வெரசாக் கிளம்புங்கப்பா. நீங்க ஊர் போய்ச் சேர்ந்தாத்தானே நான் வாரியலைத் தொட முடியும்?"

அந்த வீட்டில் ஒன்பது வருஷம் குடியிருந்தோம். காலி செய்த அன்று, தொழில் தெரிந்தவன் என்கிற முறையில், சவரிமுத்துவுக்கு மட்டும் சொல்லாமல் கிளம்பினேன்.