கறி தொடாத கறிச்சமையல்காரி

துர்காதேவி அக்கா கறிக்குழம்பு வைக்கிறார் என்றால் கல்லல் முதல் தேவகோட்டை வரை முதல் பந்திக்கே தள்ளுமுள்ளு நடக்கும். ஆனால் அந்தக் குழம்பில் ஒரு சொட்டு அவர் நாக்கில் பட்டதில்லை. மகன் சின்ன வயதில் காய்ச்சலில் கிடந்தபோது, ‘பிழைத்தால் கவுச்சியே தொடமாட்டேன்’ என்று குன்றக்குடி முருகனுக்கு நேர்ந்துகொண்டார். பிழைத்த மகன் கோயம்புத்தூரில் பிரியாணி தின்றுகொண்டிருக்கிறான். அம்மா முட்டையைக்கூடத் தொடுவதில்லை. பால் குமட்டும், வரக்காப்பிதான். கறியின் பதத்தை மூக்கு சொல்லிவிடும். சாம்பாரையும் ரசத்தையும் நாக்கு பார்த்துக்கொள்ளும்.

போன ஆடியில் அந்த நாக்கு மக்கர் செய்தது. சிவந்து வழவழத்து, புளி பட்டாலே எரிந்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது, பாதம் மரத்தது, முகம் வெளுத்தது. ஒரு வளைகாப்பில் ரசத்துக்கு உப்பை அள்ளிப் போட்டுவிட்டார். பந்தி மொத்தமும் தண்ணீர் கேட்டது.

உடனே தெருவே டாக்டர் ஆனது. முருங்கைக்கீரை என்றார்கள், பேரீச்சம்பழம் என்றார்கள், மருந்துக்கடையில் இரும்புச்சத்து மாத்திரை வாங்கிக் கொடுத்தார்கள். அக்காவும் மாதக்கணக்கில் விழுங்கினார். யாராவது ரத்தத்தை எடுத்துப் பார்த்தார்களா? கிடையாது. வெளுத்தவர்களுக்கெல்லாம் இரும்பு என்று தீர்ப்பு எழுதுவதில் நம் ஆட்களை மிஞ்ச ஆள் இல்லை. சுவரொட்டி சாப்பிடச் சொன்னவர்களிடம் மட்டும் அக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ரத்தம் குறைந்த பெண்களுக்கெல்லாம் அந்த ஆட்டு மண்ணீரலை மிளகு போட்டு வறுத்துக் கொடுத்ததே அவர்தானே!

கல்லல் விவசாயி உடையப்பன், தை மாதம் பேத்தியின் காதுகுத்துக்குக் கிடா விருந்து சமைக்க அக்காவிடம் சொல்லிவைத்திருந்தார். கார்த்திகையில் வந்தவர் தலையைச் சொறிந்தார்.

“தாயி, ஒங்களுக்கு ஒடம்பு முடியலையாம்ல. இந்தத் தடவை கரண்டியை அருள்பாண்டிகிட்டக் குடுத்துருவமா?”

அருள்பாண்டி அக்காவிடமே தொழில் பழகி, அவருக்கு வலது கையாக இருப்பவன். உடையப்பன் போனதும் அக்கா அடுப்படியில் உட்கார்ந்து அழுதார். கரண்டி போனால் பிறகு துர்காதேவி யார்? மறுநாள் காலையில் தானே போய் டாக்டர் ரோகிணி முன்னால் நின்றார்.

ரோகிணி கண்ணிமையை இழுத்துப் பார்த்துவிட்டு, முதல் வேலையாக ரத்தம் எடுக்கச் சொன்னார். ஹீமோகுளோபின் ஏழு. குறைந்தபட்சம் பன்னிரண்டு இருக்க வேண்டும். ஆனால் ரத்தம் குறைவு என்று மட்டும்தான் அந்த எண் சொல்லும், ஏன் குறைந்தது என்று சொல்லாது. ரோகிணி அதற்குக் கீழே, சிவப்பணுவின் அளவைப் பார்த்தார்.

“இரும்பு கொறைஞ்சா அணு சிறுத்துப் போகும்மா. ஒங்களுக்குப் பெருத்துக் கெடக்கு.”

“சோடா உப்பு கூடுன பணியாரம் மாதிரியா?”

“அதே மாதிரிதான்!” டாக்டர் சிரித்தார். “கறி, மீனு, முட்டை, பாலு ஏதாச்சும் சாப்பிடுறீகளா?”

“எதுவும் கெடையாது. முருகனுக்கு நேந்திருக்கேன்.”

அடுத்த பரிசோதனையில் குட்டு உடைந்தது. குறைந்திருந்தது பி12 சத்து; கறி, மீன், முட்டை, பாலில்தான் அது கிடைக்கும். ஊசி போட வேண்டும் என்றதும் அக்கா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

“ஊசியில கவுச்சி இருக்கா?”

“இல்லம்மா. ஆடு, கோழி எதுவும் இல்ல. கண்ணுக்குத் தெரியாத கிருமியை வளத்து எடுக்குறது.”

முருகன் இதற்குக் கோபிக்க மாட்டான் என்று முடிவு செய்து அக்கா கையை நீட்டினார்.

நாக்குதான் முதலில் திரும்பியது. மார்கழியில் ஒரு நாள் அருள்பாண்டி வைத்த ரசத்தை உள்ளங்கையில் விட்டு நக்கியவர், “பெருங்காயம் பத்தலைடா” என்றார். திட்டு வாங்கியவன் துள்ளிக் குதித்ததை அன்றுதான் பார்த்தோம். “அக்காவுக்கு நாக்கு வந்துருச்சு!” என்று தெருவெல்லாம் சொன்னான். மறுபடி ரத்தம் எடுத்தபோது ஹீமோகுளோபின் பதினொன்றைத் தாண்டியிருந்தது. உடையப்பனுக்குப் போன் போட்டதும் அருள்பாண்டிதான். “ஐயா, கரண்டி அக்கா கைக்கே போயிருச்சு. என்னைய விட்ருங்க.”

தை மாதம் கல்லலில் பெரிய அண்டாவுக்கு முன்னால் அக்கா இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு நின்றார். பாதத்தில் மரப்பு இன்னும் கொஞ்சம் இருந்தது, யாரும் கண்டுபிடிக்கவில்லை. கொதியை முகர்ந்து கறியை இறக்கச் சொன்னார். ரசத்தை உள்ளங்கையில் விட்டுப் பார்த்து, போதும் என்று தலையாட்டினார். பந்தி எழுந்திருக்க மனமில்லாமல் சாப்பிட்டது. எங்களுக்கெல்லாம் தலைகால் புரியாத சந்தோஷம்.

கடைசியில் உடையப்பன் இலைக்கு வந்தார். அக்காவே வந்து பரிமாற, அவர் குனிந்துகொண்டார்.

“தாயி, நான் அன்னைக்கிச் சொன்னதை மனசுல வச்சுக்கிறாதீக.”

“வச்சுக்கிட்டுத்தான் சமைச்சேன்,” என்று அக்கா இன்னொரு கரண்டி ஊற்றினார். “சாப்பிடுங்க.”