மாமாவை அடக்கம் செய்த ஞாயிறு

என் மாமா சாகவேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டது ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம். அப்போது எனக்கு ஒன்பது வயது. தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீடுகளுக்குப் பின்னால் இருந்த மாரியம்மன் கோயிலில், வீங்கிய விரல்களைக் கூப்பிக்கொண்டு, சுற்றிவளைக்காமல் நேராகவே கேட்டேன். எப்படிச் சாகவேண்டும் என்பதை அம்மன் விருப்பத்துக்கே விட்டுவிட்டேன். வலிக்காமல் சாகட்டும் என்று மட்டும் சேர்த்துக்கொண்டேன். அவர் எனக்கு அப்படி எந்தச் சலுகையும் காட்டியதில்லை என்பதையும் அம்மனுக்கு நினைவுபடுத்தினேன்.

மாமா என் அம்மாவின் தம்பி. கல்யாணம் ஆகாதவர், எங்களோடுதான் இருந்தார். முன்னறையில் டியூஷன் எடுப்பார். லைனில் இருந்த இருபது பிள்ளைகளும் பள்ளி விட்டதும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். மற்றவர்களுக்கு ஆறரை மணிக்கு டியூஷன் முடிந்துவிடும். எனக்கு முடியாது. நான் அங்கேயே குடியிருந்தேன்.

தங்கம் எடுத்த மைன்ஸ் மூடியபிறகு எங்கள் ஊரில் அப்பாக்கள் விடியுமுன் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போனார்கள். படித்தவர்கள் பரீட்சை எழுதினார்கள். எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவர் மாமா. ரயில்வே, பேங்க், மாநில அரசு என்று வந்த பரீட்சையெல்லாம் எழுதினார். ஒவ்வொன்றிலும் கொஞ்சத்தில் தவறினார். வயது வரம்பு தாண்டும்வரை விடாமல் எழுதினார். இடையில், தான் ஜெயிக்காததையெல்லாம் எங்களை ஜெயிக்க வைத்துவிடுவது என்று முடிவு செய்தார்.

அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. நடந்துகொண்டே பாடம், நடந்துகொண்டே சாப்பாடு. கையில் எப்போதும் ஒரு மர ஸ்கேல். ஒருநாள் கணக்கு போடும்போதே கண்ணயர்ந்துவிட்ட ஒரு பையனை எழுப்பி நிறுத்தினார். "ஜெயிச்சவன் தூங்கலாம்டா. தோத்தவனுக்கு இன்னா தூக்கம்?" என்றார். அதைக் கேள்வி என்று நினைத்துக்கொண்ட அவன், "தெரியாது சார்" என்றான். அதற்கும் அடி விழுந்தது. வாசலில் அவருடைய சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டாலே என் கை வாய்ப்பாட்டுப் புத்தகத்தைத் தேடும். விடுமுறை நாளிலும் தேடும்.

இரண்டு மாதமாக மாமா ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊரிலேயே பாலகாட் பக்கம் இருந்த ஒரு சின்ன கிறிஸ்தவ ஜெபவீட்டுக்குப் போய்வந்தார். ஏன் போகிறார் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அதைப் பற்றிப் பேச்செடுத்தாலே அம்மா அடுப்படிக்குள் போய்விடுவாள். அப்பா மட்டும், "வேதத்துல சேர்றானா? சேரட்டும். அதுலயாவது பாஸ் ஆகட்டும்" என்றார். மாமா ஜெபத்துக்குப் போனாரே தவிர, அவருடைய ஸ்கேல் போகவில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டார். ஐம்பத்தி நாலு என்றேன். விரல் முட்டிகளில் நான்கு அடி. அடித்து முடித்ததும் வாசலுக்குப் போய், எனக்கு முதுகைக் காட்டி நின்று, தன் கையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அடித்த கை வலிக்கிறது போலிருக்கிறது என்று நான் நினைத்தேன். கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

மறுநாள் மத்தியானம் அந்த ஜெபவீட்டுப் பாஸ்டர் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒருகாலத்தில் மைன்ஸில் அண்டர்கிரவுண்டில் வேலை செய்தவர். பெரிய உருவம், இடது கையில் ஒரு விரல் கிடையாது. மாமா அப்போது வீட்டில் இல்லை. நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஞாயித்துக்கிழமை காலையில வெச்சிக்கலாம்மா. பூதிகோட்டை ஏரில. பழைய ஆள அங்கயே அடக்கம் பண்ணிடணும்" என்றார் பாஸ்டர்.

"பயமா கீது ஐயா. அவனுக்கு நீச்சல்கூட தெரியாது" என்றாள் அம்மா.

"இன்னாத்துக்கு நீச்சல்? நான் புடிச்சிக்கிறேன். ஒரே நிமிசம். அவரே ஒத்துக்கினாரு. நீங்க வந்து நின்னா அவருக்கு தைரியமா இருக்கும்."

அதற்குள் தெருக்குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. வெளியே ஒரே கூச்சல். அம்மா திரும்பி என்னைப் பார்த்துவிட்டாள். "இன்னாடி கேட்டுக்கினு நிக்கிற? குடத்த எடுத்துக்கினு ஓடு!" நான் ஓடினேன். பாஸ்டர் அதன்பிறகு சொன்ன பாதியை, தண்ணீரிலிருந்து மாமா புது மனிதனாக எழுந்து வருவார் என்ற பாதியை, நான் கேட்கவில்லை. ஞானஸ்நானம் என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. நான் கேட்டுக்கொண்டபடி அம்மன் ஏற்பாடு செய்துவிட்டாள், தேதியும் குறித்தாயிற்று என்பது மட்டும்தான் எனக்குப் புரிந்தது. குழாயடியில் குடம் நிரம்பி வழிந்தது. நான் அதைத் தூக்காமல் நின்றிருந்தேன்.

அந்த நான்கு நாள் பயத்தைப்போல ஒன்றை நான் பிறகு எப்போதும் அனுபவித்ததில்லை. வியாழக்கிழமை மாமா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கை வலிக்குதா?" என்று கேட்டார். சாகப்போகிறவர்கள் கடைசி நாளில் நல்லவர்களாகிவிடுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்ததால் இல்லை என்று பொய் சொல்லிவிட்டு அடுப்படிக்கு ஓடினேன். வெள்ளிக்கிழமை கோயிலுக்கு ஓடிப்போய், நான் கேட்டதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று அம்மனிடம் சொன்னேன். அம்மன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. சனிக்கிழமை காலையில் அம்மா ஒரு புது வெள்ளை வேட்டியையும் வெள்ளைச் சட்டையையும் எடுத்துவைத்துத் தேய்த்தாள். எங்கள் லைனில் ஒருவர் செத்துப்போனபோது அவருக்கும் இப்படித்தான் புதுத்துணி வந்தது. அம்மா அழாமல் தேய்த்தாள். அதுதான் என்னை அதிகமாகப் பயமுறுத்தியது. வீட்டில் எல்லாருக்கும் சம்மதமாகிவிட்டதா?

அன்று சாயங்காலம் பாஸ்டர் சைக்கிளில் வந்துகொண்டிருந்தபோது நடுரோட்டில் போய் நின்றேன்.

"நாளைக்கு வேணாம்" என்றேன்.

"இன்னாம்மா வேணாம்?"

"மாமாவ. நான் சும்மாதான் சொன்னேன். உட்டுடுங்க."

பாஸ்டர் சைக்கிளை விட்டு இறங்கினார். மாமா எங்களை விட்டு வேறு மதத்துக்குப் போய்விடுவதற்காக நான் அழுகிறேன் என்று அவர் நினைத்திருக்கவேண்டும். "பயப்படாத கண்ணு. உங்க மாமா ரொம்ப நாளா அலைஞ்சிட்டாரு. நாளையோட அவருக்கு இளைப்பாறுதல்" என்று தலையைத் தடவினார். பள்ளிக்குப் போகும் வழியில் ஒரு கல்லறைத் தோட்டம் இருந்தது. இளைப்பாறுதல் என்ற சொல்லை நான் அங்கே கல்லில் எழுதித்தான் பார்த்திருந்தேன். வேறெங்கும் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒரு டெம்போவில் பூதிகோட்டைக்குப் போனோம். அப்பா வரவில்லை. ஜெபவீட்டைச் சேர்ந்த பத்துப் பதினைந்து பேர் வழியெல்லாம் பாடிக்கொண்டும் கைதட்டிக்கொண்டும் வந்தார்கள். ஒருவரை அடக்கம் செய்யப் போகிறவர்கள் இவ்வளவு சந்தோஷமாக இருக்கமுடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. மாமா எதிர்சீட்டில் வெள்ளைச் சட்டையோடு முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கும் பயம் என்பது தெரிந்தது. அவர் பயந்து நான் பார்த்தது அதுதான் முதல்முறை. ஓடிப்போய்விடுங்கள் மாமா என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் டெம்போ நின்றுவிட்டது.

ஏரிக்கரையில் எல்லாரும் இறங்கி நின்றார்கள். பாஸ்டரும் இன்னொருவரும் மாமாவை நடுவில் விட்டுத் தண்ணீருக்குள் நடந்தார்கள். முழங்கால், தொடை, இடுப்பு. பாஸ்டர் ஏதோ கேட்டார். மாமா, "ஆமா" என்றார். பாஸ்டர் அந்த நான்கு விரல் கையால் மாமாவின் மூக்கைப் பொத்தினார். இருவரும் சேர்ந்து அவரைப் பின்பக்கமாகச் சாய்த்தார்கள். வெள்ளைச் சட்டை தண்ணீருக்குள் போய் மறைந்தது.

"உடுங்க! எங்க மாமாவ உடுங்க!" என்று கத்திக்கொண்டு நான் ஏரிக்குள் ஓடினேன்.

அவர்கள் நின்ற இடம் கெட்டித்தரை. நான் இறங்கிய பக்கம் மண்ணெடுத்த பள்ளம். நான்காவது அடியில் காலுக்குக் கீழே எதுவும் இல்லை. மூக்கிலும் வாயிலும் தண்ணீர் ஏறியது. கண்ணைத் திறந்தால் எல்லாப் பக்கமும் ஒரே பச்சையாகக் கலங்கியிருந்தது. மாமாவைக் கொன்றதற்குத் தண்டனையாக என்னையும் கூட அனுப்புகிறார்கள் என்று நினைத்தது நினைவிருக்கிறது. அப்போது யாரோ என் சடையைப் பிடித்து இழுத்தார்கள். அந்தப் பிடியை எனக்கு நன்றாகத் தெரியும். கணக்கு தப்பாகப் போட்டால் அப்படித்தான் பிடிப்பார். உயிரோடு இருக்கிறார்!

நீச்சல் தெரியாத மாமா, கழுத்தளவு தண்ணீரில் நின்று என்னைத் தூக்கிக் கரைக்குக் கொண்டுவந்து போட்டார். பாட்டு நின்றுவிட்டது. அம்மா என் முதுகில் ஓங்கி அறைந்தாள். "பாவி! நீ இன்னாத்துக்குடி உள்ள போன?"

நான் இருமிக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். செவ்வாய்க்கிழமை, மாரியம்மன், வலிக்காமல் சாகவேண்டும் என்று கேட்டது, திரும்ப எடுத்துக்கொண்டது, எல்லாம். சொல்லி முடித்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டு, முட்டிகள் மேலே தெரிய வலது கையை நீட்டினேன். பழக்கம்.

அடி விழவில்லை. மாமா என் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அந்தக் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டார்.

"நீ மட்டும் இல்லடி" என்றார். "நானும் அதைத்தான் வேண்டிக்கினு இருந்தேன்."

அம்மா சேலைத்தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அந்தப்பக்கம் திரும்பிவிட்டாள். பிறகு மெல்ல யாரோ பாட்டை மறுபடி ஆரம்பித்தார்கள்.

மாமாவுக்குக் கடைசிவரை எந்த உத்தியோகமும் கிடைக்கவில்லை. இன்றும் அதே லைனில் டியூஷன்தான் எடுக்கிறார். அதற்குப் பிறகு அவர் யாரையும் அடிக்கவில்லை. 'பயம் இல்லாத எடத்துல புள்ளைங்க எப்படி படிக்கும்?' என்று சிலர் பிள்ளைகளை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். என் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் ஒருவர், என்ன செய்கிறீர்கள் என்று அவரைக் கேட்டார். முன்பெல்லாம் யாராவது அப்படிக் கேட்டால், பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருப்பதாகத் தரையைப் பார்த்துச் சொல்வார். அன்று, "பசங்களுக்கு கணக்கு சொல்லித் தர்றேங்க. ஆண்டவர் நல்லா வெச்சிருக்காரு" என்று கேட்டவர் முகத்தைப் பார்த்தே சொன்னார். ஜெயித்தவர்கள் அப்படிப் பேசித்தான் நான் கேட்டிருக்கிறேன்.

நான் கல்லூரியில் படிக்கும்போது ஒருநாள் அம்மா சொன்னாள். கடைசிப் பரீட்சையின் முடிவு வந்த அன்று மாமா வீட்டுக்கு வரவில்லையாம். மூடிக்கிடந்த ஒரு பழைய ஷாஃப்ட்டின், மைன்ஸுக்குள் இறங்கும் ஆழக்குழியின், சுவர்மேல் தனியாக உட்கார்ந்திருந்தாராம். அந்த வழியாக நடந்துவந்த பாஸ்டர், எதுவும் கேட்காமல் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாராம். மத்தியானத்திலிருந்து பொழுது சாயும்வரை. பிறகு தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டுபோய்ச் சோறு போட்டு, அவருக்காக ஜெபம் செய்து, அம்மாவிடம் கொண்டுவந்து விட்டாராம். மாமா ஞாயிற்றுக்கிழமைகளில் பாலகாட்டுக்குப் போக ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

ஏரியிலிருந்து திரும்பிய அந்த மத்தியானம் இது எதுவும் எனக்குத் தெரியாது. ஈரச் சட்டையோடு மாமா டெம்போ சீட்டில் சாய்ந்து, வாயைத் திறந்து தூங்கிவிட்டார். வண்டி பள்ளத்தில் விழுந்தும் எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் பாடினார்கள், அப்போதும் எழுந்திருக்கவில்லை. அவரும் அதையேதான் வேண்டிக்கொண்டாராம். அப்படியானால் பாதிப் பாவம் அவருடையது, எனக்குப் பாதிதான் என்று எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. ஆனாலும் ஊர் வந்து சேரும்வரை நான் கண்ணை மூடவில்லை. கொஞ்சத்துக்கு ஒருதரம் அவர் மூக்குக்குக் கீழே விரலை வைத்து, மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தேன்.