ஊதிக் காட்டு

முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் தம்பி என்னிடம் வாயை ஊதிக் காட்ட வேண்டும். சாராய வாடை இல்லையென்றால் எனக்கு நிம்மதி.

அன்று திண்டிவனம் போக அவனைக் காரில் ஏற்றினேன். "தலவலிண்ணா, மாத்திர வாங்கிட்டு வந்துர்றேன்" என்று மருந்துக்கடையில் இறங்கியவன், ஓடிவந்து ஏறி, "சீக்கிரம் போண்ணா" என்றான். போனேன்.

கோரிமேட்டுச் சோதனைச்சாவடியில் போலீஸ்காரர் இருவரையும் ஊதச் சொன்னார். வாடை இல்லை. "கெளம்பு" என்றார்.

கொஞ்சதூரம் தாண்டியதும் அவன் சட்டைக் கையில் ரத்தத்தைப் பார்த்தேன். அடிபட்டதோ என்று வண்டியை ஓரங்கட்டி, கையை மடித்துவிட்டேன். காயமில்லை, வரிசையாக ஊசித் தழும்புகள்.

"கரச்சு ஊசி போட்டுக்குற மாத்திரய கடக்காரரு தர மாட்டேன்னாருண்ணா, அவர கத்தியால கிழிச்சிட்டேன்" என்றான்.

வண்டியைத் திருப்பினேன். கடைக்காரர் பிழைத்துவிட்டார். தம்பி சிறையில் இருக்கிறான்.

தினமும் அவன் வாயை முகர்ந்தேன். கத்திரி வெயிலிலும் முழுக்கைச் சட்டை ஏன்டா என்று ஒருநாளும் கேட்கவில்லை.